சான்றுகள் எதுவும் இல்லை

"அத்தான் போன்ல ஆபீஸ் ஆப் திறக்க மாட்டேங்குதுடி. வேலைக்குப் போற வழியில ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்றாள் அக்கா. குரலில் பதற்றம் ஒன்றும் இல்லை. எனக்கும் இல்லை. இப்படிப்பட்ட அழைப்பு வராத வாரமே கிடையாது.

நான் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஊழியர்களின் கைபேசிகளில் பாதுகாப்புச் சான்றிதழ்களை ஏற்றுவது, கெடு முடியும் முன் புதுப்பிப்பது, கைபேசி தொலைந்தால் ரத்து செய்வது, இதுதான் என் வேலை. சொந்தக்காரர்களுக்கு இது மொத்தமும் 'போன் ரிப்பேர்' என்றுதான் புரிந்திருக்கிறது. ஒரு துக்க வீட்டில் ஒருவர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையால் தன் போனை என்னிடம் நீட்டியிருக்கிறார்.

என் வேலையை ஒரே தடவையில் புரிந்துகொண்டவர் அத்தான் மட்டும்தான். அதற்குக் காரணம் அவருடைய வேலை. எடைக்கருவிகளைச் சோதிக்கும் அலுவலகம் ஒன்றில் அவர் சரிபார்ப்பாளர். களத்துக்குப் போகிறவர்கள் கடையிலும் துறைமுகத்திலும் மருத்துவமனையிலும் உள்ள தராசுகளின் மேல் சோதனை எடைகளை வைத்துப் பார்த்து, வந்த எண்களை அனுப்புவார்கள். அத்தான் அந்த எண்களை ஆராய்ந்து, சரியென்றால் தன் கைபேசியிலிருந்தே மின்கையெழுத்துப் போடுவார். அது விழுந்த பிறகுதான் அந்தத் தராசில் யாரும் எதையும் நிறுக்கலாம்.

"ஏய் சாவிக்காரி, இந்தச் சான்றிதழ்னா என்னதான்?" என்று ஒருநாள் கேட்டார். அவர் எனக்கு வைத்த பெயர் அது.

"போனுக்குள்ள ஒரு ரகசியச் சாவி இருக்கு அத்தான். அதுக்கு ஜோடியா, எல்லாருக்கும் காட்டக்கூடிய சாவி ஒண்ணு இருக்கு. இந்தச் சாவி இன்னாரோடதுன்னு உங்க ஆபீஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்குற சீட்டுதான் சான்றிதழ்."

"ஆபீஸ் போட்ட கையெழுத்து நெசம்னு யாரு சொல்றது?"

"அதுக்கு மேல ஒருத்தர்."

"அவரு நெசம்னு?"

"அவருக்கும் மேல ஒருத்தர். இப்படியே போனா உச்சியில ஒருத்தர் இருப்பாரு. அவருக்கு அவரேதான் சாட்சி. போனைச் செய்யும்போதே அவரை உள்ள வச்சு அனுப்பிடுவாங்க."

அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, இது எங்க எடைக்கல்லு கதை! கடைக்காரன் கல்லை எங்க கல்லு சோதிக்கும். எங்க கல்லைத் தலைமை ஆபீஸ் கல்லு சோதிக்கும். அதுக்கும் மேல ஒண்ணு, கண்ணாடிக் குடுவைக்குள்ள, மூச்சுக்காத்துகூடப் படாம உக்காந்திருக்கும்."

"அதை யாரு சோதிக்கிறது?"

"அதைச் சோதிக்க யாரும் கிடையாது. அது சொன்னா சொன்னதுதான். உங்க அக்கா மாதிரி."

அது அவர் பேசிக்கொண்டிருந்த காலம். பிறகு ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சு போனது. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை, படிப்பார், கணக்குப் போடுவார், இடது கையால் எழுதுவார், நாக்குக்குக் கட்டளை போகும் பாதை மட்டும் அறுந்துவிட்டது என்றார் மருத்துவர். மிஞ்சியது ஒரே ஒரு சொல். 'அப்புறம்.' ஏன் அந்தச் சொல் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் 'அப்புறம்', வேண்டாமென்றாலும் 'அப்புறம்', கோபம் வந்தால் உரக்க ஒரு 'அப்புறம்'. அக்கா மட்டும் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கப் பழகிக்கொண்டாள்.

சில மாதங்களில் அவர் வீட்டிலிருந்தே வேலையைத் தொடங்கினார். உடம்பு சரியில்லாமல் இருந்து தேறிவிட்டார் என்றுதான் அலுவலகத்துக்குத் தெரியும். அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய தேவையே எழாதபடி அந்த ஏற்பாடு இருந்தது. காலையில் செயலியைத் திறந்தால் அலுவலகக் கணினி முன்பின் வராத ஓர் எண்ணைத் தூக்கிப் போடும். கைபேசி அந்த எண்ணின் மேல் தன் ரகசியச் சாவியால் ஒரு முத்திரை வைத்துத் திருப்பி அனுப்பும். சான்றிதழில் உள்ள ஜோடிச் சாவியோடு முத்திரை பொருந்தினால் கதவு திறக்கும். கண்ணிமைக்கும் நேரம்தான். குரலைக் கேட்பதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை. அத்தானின் முகம் ஒரு பக்கமாக இழுத்திருந்தது, கையெழுத்து கோணலாகிப் போயிருந்தது. அவரை இன்னமும் பழைய ஆளாகவே ஏற்றுக்கொண்டது அந்தச் சாவி ஒன்றுதான். பகலெல்லாம் கைபேசியைச் சாய்த்துவைத்து எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தைப் பார்த்தால் நோயாளி என்றே தோன்றாது.

நான் போனபோது அவர் சன்னலோரம் தன் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கைபேசியை இடது கையால் நீட்டினார். வாங்கியதும் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. தொட்டதுமே திறந்துகொண்டது.

"அக்கா, இதுல கோலம் மாதிரி இழுத்துத் திறக்குற பூட்டு இருந்துச்சே?"

"அதைத்தான் எடுத்துட்டேன்" என்றாள் அக்கா, உற்சாகமாக. "பின்ன என்னடி? வலது கையில பழகின கோலத்தை இடது கட்டைவிரலால இழுக்கச் சொன்னா வருமா? ரெண்டு தடவை தப்பாப் போனா போதும், அரை நிமிஷம் இரு, ஒரு நிமிஷம் இருன்னு அது தண்டனை குடுக்குது. பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்ச பிள்ளை மாதிரி மனுஷன் காத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. இன்னைக்கு பாத்தேன், கண்ணுல தண்ணி நிக்குது. போதும்டா சாமின்னு பூட்டையே எடுத்துட்டேன். எடுத்ததும் சிரிச்சாருடி. எத்தனை நாளாச்சு அவரு சிரிச்சு!"

"எடுக்கும்போது எதாவது கேட்டுச்சா?"

"என்னமோ கேட்டுச்சு. நிச்சயமான்னு. ஆமான்னு அமுக்கினேன். அது எப்பதான் கேக்காம இருந்திருக்கு? லைட்டு அடிக்கக்கூட நம்மகிட்ட அனுமதி கேக்குது."

அமைப்புகளுக்குள் போனேன். பாதுகாப்பு, அதற்குள் மறையாக்கமும் சான்றுகளும், அதற்குள் பயனர் சான்றுகள். என் வேலையில் ஒரு நாளில் எத்தனையோ முறை இந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். அங்கே ஒரு பெயரும், பக்கத்தில் சின்னச் சாவிப் படமும் இருக்கும். அன்று வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரு வரி: 'பயனர் சான்றுகள் எதுவும் இல்லை.'

கைபேசிச் சில்லுக்குள் சாவிகளுக்கென்று ஒரு தனிப் பெட்டகம் உண்டு. அதன் கதவு திரைப்பூட்டோடு பிணைக்கப்பட்டது. திரையில் பூட்டு இல்லையென்றால் கையில் எடுத்தவரெல்லாம் சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள் அல்லவா? அதனால், பூட்டை எடுக்கும் அந்தக் கணத்தில், அந்தக் கைபேசி ஒரு முடிவெடுக்கும்: காவல் இல்லாத சாவியை வைத்திருப்பதைவிட சாவியே இல்லாமல் இருப்பது மேல். எச்சரிக்கையில் அதைத்தான் கேட்டிருக்கும். அக்கா ஆமாம் என்றிருக்கிறாள்.

"குப்பைத் தொட்டியில கிடக்கும் பாரு" என்றாள். "போட்டோவை அழிச்சாகூட ஒரு மாசம் வச்சிருக்குமே."

"இது அதுல வராதுக்கா."

"கூகுள்ல, கிளவுட்ல, எதுலயாவது ஏறியிருக்கும். நம்மளைக் கேக்காமலே எல்லாத்தையும் ஏத்திக்குதே, இதை மட்டும் விட்டுடுமா?"

இதை மட்டும்தான் விட்டுவிடும். அந்தச் சாவி அந்தச் சில்லுக்குள்ளேயே பிறந்தது. பிறந்த நாளிலிருந்து வெளியே வந்ததில்லை. அத்தானே கேட்டாலும் காட்டாது, கைபேசியைச் செய்தவர்கள் கேட்டாலும் காட்டாது. சாவி இருக்கும் இடத்துக்கு எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முத்திரை குத்தி வெளியே தள்ளும், அவ்வளவுதான். நகல் எடுக்க முடியாததுதான் அதன் அழகு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை விளக்கும்போது எனக்கே ஒரு பரவசம் வரும். அன்று அந்த அழகை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"இல்லக்கா. போனது போனதுதான்."

"பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சுதா?" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். அத்தான் சிரிக்கவில்லை. அவர் அந்த வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

அவருடைய அலுவலகத்தில் சான்றிதழ் பிரிவை அழைத்தேன். எடுத்தவர் நல்ல மனிதர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் சக தொழில்காரரிடம் பேசுவதுபோல் பேசினார்.

"பூட்டை எடுத்துட்டாங்களா? அடடா! மாசத்துக்கு ஒரு ஆளாவது இப்படி வந்துடுறாங்க மேடம். கவலைப்படாதீங்க, அஞ்சு நிமிஷ வேலை. புதுசா ஒண்ணு குடுத்துடலாம். சாரை வீடியோவுல வரச் சொல்லுங்க. அடையாள அட்டையைக் காட்டணும், முழுப் பேரும் சொல்லணும், நான் திரையில ஒரு எண் காட்டுவேன், அதை வாய்விட்டுப் படிக்கணும். அவ்வளவுதான்."

"வாய்விட்டுத்தான் படிக்கணுமா?"

"ஆமா மேடம். எழுதினா யாரு எழுதுறாங்கன்னு தெரியாதே. போட்டோவைக் காட்டியே ஏமாத்துறவங்க இருக்காங்க."

அவர் சொன்னது சரி. அந்த விதியை என் மருத்துவமனைக்காக நானே ஏறக்குறைய இதே சொற்களில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது பேச முடியாத ஒருவரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. மாலைக்கு நேரம் வாங்கிக்கொண்டு, மருத்துவமனைக்கு விடுப்பு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பகல் முழுவதும் அத்தான் தன் பெயரைச் சொல்லிப் பழகினார். அக்கா எதிரே உட்கார்ந்து வாயை அகலமாகத் திறந்து காட்டினாள். அவர் இடது கையால் தொடையில் தாளம்போல் தட்டினார். உதடு குவியும், கழுத்து நரம்பு புடைக்கும், முதல் எழுத்து வருவதுபோல் வரும். வெளியே விழுவது 'அப்புறம்'.

"கல்லுல நார் உரிக்கிற மாதிரி இருக்கு" என்று எழுந்துவிட்டாள் அக்கா. சமையலறை வாசலில் என்னை நிறுத்தித் தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஊருக்கெல்லாம் சாவி செஞ்சு குடுக்குறியே. இவருக்கு ஒண்ணு செஞ்சு போட்டுடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"சாவி செய்றது ஒரு நொடிதான்க்கா. இது இவரோட சாவிதான்னு சொல்ல ஒரு வாய் வேணும். அவங்க கணினி அவங்க ஆபீஸ் வாயைத்தான் நம்பும்."

"அப்ப நீ வீடியோவுக்குப் பின்னாடி நின்னு அவரு பேரைச் சொல்லு. தொண்டையைக் கட்டிக்கிட்டு, ஆம்பளைக் குரல்ல."

"கொழுந்தியா குரல்ல அத்தான் பேசினா ஆபீஸே எழுந்து வந்துடும்."

உள்ளேயிருந்து ஒரு 'அப்புறம்' கேட்டது. "வேண்டாங்கிறாரு" என்றாள் அக்கா.

மாலை அவருக்குச் சட்டை மாற்றினாள். பொத்தான்களை அவளே போட்டுவிட்டாள். தலை வாரினாள். கைபேசியைச் சன்னல் விளிம்பில் சாய்த்துவைத்து, முகத்தில் நேராக வெளிச்சம் விழும்படி நாற்காலியைத் திருப்பினேன். சான்றிதழ் பிரிவுக்காரர் திரையில் வந்தார். அத்தானைப் பார்த்ததும் அவர் சொல்ல வந்த வணக்கம் பாதியில் நின்றது.

அட்டையைக் காட்டினோம். "பேரைச் சொல்லுங்க சார்" என்றார் அவர், தேவைக்கு மேல் உரக்க.

அத்தான் கண்ணை மூடினார். தொடையில் மெதுவாகத் தட்டினார். "அப்புறம்" என்றார்.

நான் குறுக்கிட்டு விவரத்தைச் சொன்னேன். பிரிவுக்காரர் கேட்டுக்கொண்டார், தலையைச் சொறிந்தார், எதையோ புரட்டினார். "இன்னொரு வழி இருக்கு மேடம். சாரை நேர்ல தெரிஞ்ச அதிகாரி ஒருத்தர், இவர்தான் அவர்னு உறுதி சொன்னாப் போதும். பேசவே தேவையில்ல. மேலாளரைக் கூப்பிடவா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் சரியென்று வேகமாகத் தலையாட்டினார். அந்த மேலாளரும் அத்தானும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு காலத்தில் இருவரும் ஒரே வண்டியில் சோதனை எடைகளைத் தூக்கிக்கொண்டு கடைகடையாகப் போனவர்கள்.

திரையில் இன்னொரு கட்டத்துக்குள் மேலாளர் வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "டேய்" என்றார். "என்னடா இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சார், இவர்தானா அவர்? உறுதியாச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார் பிரிவுக்காரர்.

"இவன்தான். இருட்டுல நிறுத்தினாலும் சொல்வேன்."

அக்காவின் பிடி தளர்ந்தது. நானும் மூச்சை விட்டேன். ஆனால் மேலாளர் பேசி முடிக்கவில்லை.

"ஆளு இவன்தான். ஆனா புதுச் சான்றிதழுக்கு நான் ரெண்டு விஷயத்துக்குக் கையெழுத்துப் போடணும். ஆளு யாருங்கிறது ஒண்ணு. கையெழுத்துப் போடுற பொறுப்புல இவரை வைக்கலாமாங்கிறது இன்னொண்ணு." அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், அத்தானைப் பார்க்கவில்லை. "ஒரு தராசு தப்புன்னு வழக்கு வந்தா, சான்று குடுத்தவன் போய் நின்னு பதில் சொல்லணும்மா. குறுக்குக் கேள்வி கேப்பாங்க. இவனை நான் அங்க எப்படி நிறுத்துவேன்?"

"இவர் கணக்குல ஒரு தப்பு வந்திருக்கா சார்?" என்று கேட்டேன். "இந்த மாசங்கள்ல போட்டதையெல்லாம் எடுத்துப் பாருங்க."

"பாக்கவே வேண்டாம். இவன் கணக்குல தப்பு வராது. அதுவா பிரச்சனை?"

அத்தான் மடியிலிருந்த சிலேட்டுப் பலகையில் இடது கையால் எழுதினார். எழுத்து வளைந்து வளைந்து போயிற்று. 'எழுதிப் பதில் சொல்வேன்.' தூக்கிக் காட்டினார்.

மேலாளர் படித்தார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஓய்வெடுடா. வேற எதாவது இடத்துல உன்னைப் போட முடியுமான்னு பாக்குறேன்" என்றார். அப்படி ஓர் இடம் இல்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. அவர் கட்டம் மறைந்தது.

பிரிவுக்காரர் மட்டும் மிஞ்சினார். "மன்னிச்சுக்கோங்க மேடம்" என்றார். "பழைய சான்றிதழை இப்ப நான் ரத்து பண்ணணும். அழிஞ்சதுதான், இருந்தாலும் நடைமுறை. காரணம் ஒண்ணு தேர்ந்தெடுக்கணும். சாவி தொலைஞ்சதுன்னு போடவா, இல்ல…"

காரணங்கள் எனக்கு மனப்பாடம். சாவி களவு போனது, பழையதற்குப் பதில் புதியது வந்தது, பணி முடிந்தது. ஒரு தடவை ரத்தானது பிறகு எந்தக் காரணத்தாலும் உயிர் பெறாது. பெறக்கூடாது, பெற்றால் மொத்த ஏற்பாட்டையும் யாரும் நம்ப முடியாது. "உங்க விதிப்படி எது வருதோ அதைப் போடுங்க" என்றேன்.

அவர் விசையைத் தட்டும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

தெருவில் ஒரு வண்டிக்காரர் பின்னால் வருகிறவனைத் திட்டிக்கொண்டு போனார். அத்தான் கைபேசியை எடுத்து, செயலியைத் திறந்து பார்த்தார். அவர் சரிபார்த்து வைத்திருந்த அறிக்கைகள் கையெழுத்துக்காக உள்ளே காத்துக்கொண்டிருக்கும். செயலி அவரை வாசலிலேயே நிறுத்தியது. மூடினார், மறுபடி திறந்தார். நான் அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி மேசையில் வைத்தேன்.

அக்கா போய் பாத்திரங்களைக் கழுவினாள். கழுவியவற்றையே திரும்பக் கழுவுகிறாள் என்று தெரிந்தது. ஈரக் கையோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஒண்ணு கேக்குறேன். உன் பாடத்தையெல்லாம் விட்டுட்டு நேரா சொல்லு. நான் அந்தப் பூட்டைத் தொடாம இருந்திருந்தா?"

எனக்கு விடை தெரியும். சான்றிதழுக்கு முடிவு நாள் உண்டு. அது வரும் முன்பே கைபேசி, இருக்கும் சாவியைக் காட்டிப் புதியதைக் கேட்கும். பழைய முத்திரை செல்லும் என்பதால் அலுவலகக் கணினி மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடும். போகிற சாவி வருகிற சாவிக்குச் சாட்சி. யாரும் நடுவில் கைவைக்காவிட்டால் ஓய்வு பெறும் நாள்வரை இப்படியே ஓடும். முகத்தைப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள்.

"எப்படியும் போயிருக்கும்க்கா" என்றேன். "அதுக்கு ஆயுசு கம்மி. கொஞ்ச நாள்ல தானாவே காலாவதி ஆகியிருக்கும். அப்பவும் இதே மாதிரி வீடியோவுல வந்து பேசுங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் என்னை நம்பவில்லை. சிறு வயதிலிருந்தே என் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள். அத்தான் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இவ சொல்றது சரியா? எப்படியும் போயிருக்குமா?"

இந்த ஏற்பாட்டை முழுக்கப் புரிந்துவைத்திருந்தவர் அவர். போன ஆண்டு அவருடைய சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொண்டபோது, 'கேக்காமலே குடுக்குறான் பாரு, எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு அதிசயமா' என்று எனக்கு அழைத்துச் சொன்னவர். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அறிக்கையில் ஒவ்வாத எண் ஒன்று கண்ணில் பட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. வெகுநேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு இடது கையை நீட்டி அக்காவின் ஈரமான மணிக்கட்டைப் பிடித்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

"அப்ப நான் கெடுக்கலையா?"

அவர் தலையாட்டினார். இல்லை, நீ கெடுக்கவில்லை என்று பக்கவாட்டில் ஆட்டவேண்டிய இடத்திலும் மேலும் கீழுமாகவே ஆட்டினார். அக்கா அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அவள் அழுது முடிக்கும்வரை அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.